‘மேற்படி’ போடாத கணக்கு

மூன்று வருஷம், 11,750 ரூபாய், ஒரு பொய். பைபிளை ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை ஒரே வருஷத்தில் படித்துவிட வேண்டும் என்று கிளம்பியதில் எனக்கு ஆன செலவு இது. பணம் போனதுகூடப் பரவாயில்லை. அந்த மூன்று வருஷமும் எனக்குத்தான் பக்தி போதவில்லை என்று உள்ளுக்குள்ளே புழுங்கிக்கொண்டிருந்தேனே, அதை நினைத்தால்தான் இப்போதும் ஆத்திரமாக வருகிறது. “நடுவுல பட்டியல் பட்டியலா வரும்பா, அங்கதான் எல்லாரும் விழுவாங்க, அதை வேற மாதிரி படிக்கணும்” என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. போய்க் கேட்க எனக்கும் வெட்கம். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நான் போதகர் இல்லை, இறையியல் படித்தவனும் இல்லை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை பேக்டரியில் இலைக் கணக்கு எழுதுகிறவன்.

சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் பேக்டரி எங்களுடையது. மதியத்துக்கு மேல் வண்டி வண்டியாக இலை வந்து இறங்கும். எடை போடுவார்கள். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்தது போக மிச்சம் யார் பேரில் எத்தனை கிலோ என்று எழுதுவது என் வேலை. 22 வருஷமாகப் பேரும் எண்ணும்தான் எனக்குச் சோறு போடுகிறது. அப்படிப்பட்டவன் பைபிளில் பேரும் எண்ணும் வந்த இடத்தில் தூங்கி விழுந்தேன் என்றால் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அப்போது வரவில்லை.

2022 ஜனவரி 1. சபையில் வேத வாசிப்பு அட்டவணை கொடுத்தார்கள். மொத்தம் 1,189 அதிகாரம். நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று படித்தால் டிசம்பருக்குள் முடிந்துவிடும் என்பது பழைய கணக்கு. இதைப் பார்த்ததும் எனக்கு உற்சாகம். ஜனவரியில் எங்கள் ஊரில் உறைபனி. பள்ளத்துத் தோட்டங்களில் கொழுந்து கருகிப்போகும், இலை வரத்துக் குறையும், எனக்கும் வேலை குறைவு. ராத்திரி கணப்புச் சட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஆதியாகமம் ஓடியே போயிற்று. யாத்திராகமத்தில் கூடாரத்தின் பலகை, கொளுக்கி, தொங்குதிரை என்று வரும்போது கொஞ்சம் இழுத்தது. லேவியராகமத்தில் தடுமாறினேன். பிப்ரவரி முதல் வாரத்தில் எண்ணாகமம் 7-ஆம் அதிகாரம் வந்தது. அங்கே படுத்தவன்தான், எழுந்திருக்கவே இல்லை.

அந்த அதிகாரத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 89 வசனம். பன்னிரண்டு கோத்திரத்துத் தலைவர்கள் பலிபீடப் பிரதிஷ்டைக்கு ஆளுக்கொரு நாள் காணிக்கை கொண்டுவருகிறார்கள். முதல் நாள் யூதா கோத்திரத்து நகசோன்: 130 சேக்கல் (அந்தக் காலத்து எடை) நிறையில் ஒரு வெள்ளித்தாலம், 70 சேக்கல் நிறையில் ஒரு வெள்ளிக்கலம், 10 சேக்கலில் ஒரு பொன் தூபகரண்டி, ஒரு காளை, ஓர் ஆட்டுக்கடா, ஓர் ஆட்டுக்குட்டி, ஒரு வெள்ளாட்டுக்கடா, அப்புறம் சமாதானபலிக்கு இரண்டு மாடு, ஐந்து கடா, ஐந்து வெள்ளாட்டுக்கடா, ஐந்து குட்டி. இரண்டாம் நாள் இசக்காரின் நெதனெயேல்: அதே தாலம், அதே கலம், அதே கரண்டி. மூன்றாம் நாள் எலியாப்: அதேதான். இப்படிப் பன்னிரண்டு தடவை, ஓர் எழுத்துக் குறையாமல். ஐந்தாம் நாளுக்கு வரும்போது என் கண் வசனத்தின் மேல் ஓடுகிறது, மனசு நாளைக்கு வரவேண்டிய விறகு லோடில் நிற்கிறது. புத்தகத்தை மூடிவைத்தேன். அடுத்த நாள் திறக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

2023-இல் மறுபடி. இந்தத் தடவை தந்திரமாக நடந்துகொண்டேன். பட்டியல் வந்தால் முதல் வசனம், கடைசி வசனம் படித்துவிட்டு அட்டவணையில் டிக் போட்டுவிடுவது. ஏப்ரல் நடுவில் 1 நாளாகமம் வந்தது. முதல் ஒன்பது அதிகாரமும் வம்ச வரலாறு. சித்திரை மழைக்கு இலை குவிகிற நேரம் வேறு, ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வீட்டுக்கே வருவேன். ஒன்பது அதிகாரத்தையும் ஒரே நிமிஷத்தில் ‘முடித்தேன்’. டிசம்பர் 31 இரவு ஆராதனையில், பைபிளை முழுவதும் வாசித்தவர்கள் எழுந்து முன்னால் வரலாம் என்றார்கள். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் என் மனைவி, “போங்க, உங்களைத்தான்” என்று முழங்கையால் இடிக்கிறாள். போனேன். கைதட்டினார்கள். ஒரு வசனக் காலண்டர் பரிசு. அந்தக் காலண்டர் அடுத்த வருஷம் முழுக்க சமையலறை வாசலில் தொங்கியது. தினமும் அதைக் கடந்துதான் காபிக்குப் போக வேண்டும்.

காலண்டர் கொடுத்த குற்ற உணர்ச்சிதான் 2024-இல் பணத்தைக் கரைத்தது. நமக்குப் புரியவில்லை என்றால் சரியான புத்தகம் இல்லை என்று அர்த்தம், வாங்கிவிட்டால் புரிந்துவிடும் என்று ஒரு நினைப்பு. விளக்கவுரைத் தொகுதி 4,600 ரூபாய். அடிக்குறிப்போடு கூடிய பெரிய பைபிள் 2,150. இரண்டும் நல்ல புத்தகங்கள்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் பசி இல்லாதவனுக்கு விருந்துச் சாப்பாடு போட்டது மாதிரி ஆயிற்று. படித்தேன், ஒட்டவில்லை. அப்புறம்தான் பெரிய தப்பு. பைபிள் பெயர்களின் ரகசியத்தைப் போனிலேயே சொல்லித்தருகிறேன் என்று ஒருவர் வகுப்பு நடத்தினார். ஆறு வாரத்துக்கு 3,500. முடிந்ததும் ‘ஆழமான நிலை’ என்று இன்னொரு 1,500. ஆதாம் முதல் நோவா வரை பத்துப் பேருடைய எபிரெயப் பெயர்களுக்கும் அர்த்தம் எழுதி வரிசையாக வைத்தால் சுவிசேஷமே ஒரு வாக்கியமாக வந்துவிடும் என்றார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்கு ராத்திரி தூங்கவே இல்லை, அவ்வளவு பரவசம். மெத்தூசலா என்றால் ‘அவன் மரணம் கொண்டுவரும்’ என்று நோட்டில் சிவப்பு மையில் எழுதிவைத்தேன். இரண்டு மாதம் கழித்து, நான் வாங்கிவைத்த அதே 2,150 ரூபாய் பைபிளின் அடிக்குறிப்பில் அந்தப் பெயருக்கு ‘ஈட்டி மனிதன்’ என்று போட்டிருந்தது. வகுப்பில் கேட்டேன். பதில் வரவில்லை. குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெத்தூசலாவிடம் ஒரு விஷயம் இருக்கத்தான் செய்கிறது. அதைப் பார்க்க எபிரெயம் வேண்டாம், கூட்டல் தெரிந்தால் போதும். கோபத்தில் ஒருநாள் பேக்டரியிலேயே, ஒரு பழைய இலை ரசீதின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். ஆதியாகமம் 5-இல் மெத்தூசலாவுக்கு 187 வயதில் லாமேக்கு பிறக்கிறான். லாமேக்குக்கு 182 வயதில் நோவா. நோவாவுக்கு 600 வயதில் வெள்ளம். 187, 182, 600, கூட்டினால் 969. மெத்தூசலா இருந்த வருஷம் 969. அதாவது வெள்ளம் வந்த அதே வருஷத்தில் கிழவன் சாகிறான். வெள்ளத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தானா, வெள்ளத்தோடு போனானா என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒரு தாத்தா, ஒரு பேரன், நடுவில் ஒரு பேழை. பட்டியல் இதைச் சொல்லவில்லை, எண்ணை மட்டும் வைத்துவிட்டுச் சும்மா இருக்கிறது. 5,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ரகசியத்தைவிட இந்த ரசீதுக் கணக்குதான் என்னை உட்கார வைத்தது. ஆகவே முதல் யோசனை: பட்டியலுக்குப் பின்னால் ரகசியம் இருக்கிறது என்று யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள். அதில் இருப்பது அப்பட்டமாக அங்கேயே எழுதியிருக்கிறது. பென்சிலும் துண்டுக் காகிதமும் போதும்.

ஆனாலும் எண்ணாகமம் 7 அப்படியேதான் கிடந்தது. அது திறந்தது ஒரு சாவு வீட்டில்.

எங்களுக்கு ரொம்ப வருஷமாக இலை போடுகிற படகர் ஒருவருடைய அப்பா இறந்துவிட்டார். பேக்டரியிலிருந்து நாலைந்து பேர் அவர்களுடைய ஹட்டிக்கு, அதாவது படகர் ஊருக்கு, போனோம். நல்ல குளிர், மூடுபனி. எடுப்பதற்கு முன்னால் ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னே வந்து நின்று படக மொழியில் சொல்லத் தொடங்கினார். எனக்கு அந்த மொழி பாதி புரியும். இறந்தவருடைய பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஊர்ந்து போகிற பாம்பை அடித்தது, எல்லையைத் தள்ளி வைத்தது, இப்படி நீண்டுகொண்டே போகிறது. ஒவ்வொன்றுக்கும் கூட்டம் பதில் சொல்கிறது. ஆயிரத்து முன்னூறு பாவமும் விட்டுப்போகட்டும் என்று முடிகிறது. பக்கத்தில் நின்ற பையனிடம் மெதுவாகக் கேட்டேன், “தாத்தா இதெல்லாம் செஞ்சாரா?” அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். “செஞ்சாரோ இல்லையோண்ணா, எல்லாத்தையும் சொல்லிடணும். ஒண்ணு விட்டுப்போச்சுன்னா?”

அங்கே யாரும் கொட்டாவி விடவில்லை. யாரும் போனைப் பார்க்கவில்லை. ஒரே மாதிரி வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது, அது வர வரத்தான் கூட்டம் இறுகுகிறது. எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மா தினம் காலையில் விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்வார்கள். ஆயிரம் பெயர். ‘போரடிக்குது’ என்று அவர்கள் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை. நான் மட்டும் பட்டியலைக் கண்ணால் படித்துக்கொண்டிருந்தேன். அது கண்ணுக்கு எழுதியதே இல்லை, வாய்க்கும் காதுக்கும் எழுதியது. பிறகு நினைத்துப் பார்த்தால் பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயாகூட இதைத்தான் செய்தார். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசையாகச் சொல்கிற இடத்தை எங்களை ஒரே குரலில் கத்தவைத்தார். அதில் எங்கள் மலைப் பூவும் இருக்கிறது என்று அந்த வரி வரும்போது மட்டும் இன்னும் சத்தமாகக் கத்துவோம்.

அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு எண்ணாகமம் 7-ஐ வாய்விட்டுப் படித்தேன். அவசரப்படாமல் படித்தேன். நாலாம் நாள் தாண்டியதும் எனக்கு ஒரு முகம் ஞாபகம் வந்தது.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் நடந்தது. ஒரே வீட்டு மருமகள்கள் இரண்டு பேர், ஆளுக்கொரு துண்டுத் தோட்டம். இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் இலை அனுப்புவார்கள். அன்றைக்கு அவசரம். மூத்தவர் பேரை எழுதி, அடுத்த வரியில் சின்னவருக்கு ‘மேற்படி’ என்று போட்டு 11 கிலோ எழுதினேன். மாதக் கடைசியில் பட்டுவாடா சீட்டு மூத்தவர் பேரிலேயே மொத்தமாகப் போய்விட்டது. மறுநாள் சின்னவர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார். கத்தவில்லை. கையிலே சீட்டு. கம்பிக்கு இந்தப் பக்கம் அதை நீட்டி, “என் பேரு எங்கே தம்பி?” என்றார். “காசு சரியாத்தான் வந்திருக்கும்மா, அக்கா கணக்குல சேர்ந்திருக்கு” என்றேன். “காசு கேக்கல. அவ இலை வேற, என் இலை வேற. என் பேரு எங்கே?” நான் திருத்தி எழுதிக் கொடுக்கும் வரை அந்த அம்மா நகரவில்லை. எழுதினதும் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்து, மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார்.

எண்ணாகமம் 7-இல் எங்கேயும் மேற்படி இல்லை. போட்டிருக்கலாம். எந்தக் கணக்குப்பிள்ளையும் போட்டிருப்பான். முதல் நாள் முழுசாக எழுதிவிட்டு, கீழே பதினொரு பேர் எழுதி, மேற்படி மேற்படி என்று இழுத்திருந்தால் அரைப் பக்கத்தில் முடிகிற வேலை. தோல் சுருளும் மையும் மலிவாகக் கிடைத்த காலமும் இல்லை அது. ஆனாலும் பன்னிரண்டாம் நாள் வந்த நப்தலியின் அகீராவுக்கும் முதல் நாள் நகசோனுக்குக் கிடைத்த அதே வரிகள் முழுசாகக் கிடைக்கின்றன. பன்னிரண்டு நாள் காத்திருந்தவனுடைய தாலத்துக்கும் எடை எழுதியிருக்கிறது. கடைசியில் கூட்டல் போட்டு, வெள்ளி 2,400 சேக்கல், பொன் 120 சேக்கல் என்று முடிக்கிறார்கள். நானும் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. 130-ம் 70-ம் 200, பன்னிரண்டு மடங்கு 2,400. அதற்கடுத்த 89-ஆம் வசனத்தில்தான் மோசே கூடாரத்துக்குள் போகிறான், தன்னோடு பேசுகிற சத்தத்தைக் கேட்கிறான். இத்தனை பேருடைய கணக்கும் முடிந்த பிறகுதான் பேச்சு தொடங்குகிறது. இந்த வசனத்தை நான் அதுவரை படித்ததே இல்லை. அதற்கு முன்னாலேயே தூங்கிவிட்டேனே.

இங்கே ஒரு யோசனை. பட்டியல் அதிகாரத்தை மூன்றில் ஒன்றாக அடுக்காதீர்கள். அன்றைக்கு அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், வாய்விட்டுப் படியுங்கள், முடிந்தால் இரண்டு பேராக மாறி மாறிப் படியுங்கள். பட்டியலுக்கு முன்னால் பத்து வசனம், பின்னால் பத்து வசனம் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பட்டியல் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது பெரும்பாலும் அதன் ஓரத்தில்தான் இருக்கும். அட்டவணை பின்தங்கினால் பின்தங்கட்டும். காலண்டர் பரிசு வாங்கியவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அடுத்தது எஸ்றா 2. இதைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் தாத்தா குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்தில் இருந்தது. 1964-இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். அந்த ஐந்தேகால் லட்சத்தில் நாங்கள். 1972-இல் தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்து, கடைசியில் தாயகம் திரும்பியவர்களுக்கென்று அரசு நட்ட தேயிலையில் வேலைக்கு இந்த மலைக்கு வந்தார்கள். நான் இங்கேதான் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தேன். அப்பா இறந்த பிறகு தகரப் பெட்டியைத் திறந்தபோது முதலில் இருந்தது தாயகம் திரும்பியபோது கொடுத்த குடும்ப அட்டைதான். பழுப்பேறிப்போய், மடித்த இடத்தில் கிழிந்து, செலோடேப் ஒட்டியிருந்தது. அதில் வரிசையாகத் தாத்தா, பாட்டி, அப்பா, சித்தப்பா. அத்தை பேர் இல்லை. அத்தையைக் கட்டிக்கொடுத்த வீடு இலங்கைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட்ட வீடு. அவர்கள் அந்தப் பட்டியல், நாங்கள் இந்தப் பட்டியல். துறைமுகத்துக்கு வழியனுப்ப வரக்கூட முடியவில்லை என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எஸ்றா 2 என்ன? பாபிலோனிலிருந்து திரும்பி வந்தவர்களின் பட்டியல். இத்தனை பேர் இந்த வம்சம், இத்தனை பேர் இந்த ஊர் என்று எண்களாக ஓடுகிறது. ஒட்டகம் 435, கழுதை 6,720 வரை எண்ணிவைத்திருக்கிறார்கள். நடுவே சில வசனங்கள். சில ஊர்களிலிருந்து வந்தவர்கள் தங்கள் தகப்பன் வம்சத்தைக் காட்ட முடியாமல் நிற்கிறார்கள். ஆசாரியர் குடும்பம் என்று சொல்லிக்கொண்ட சிலர் வம்ச அட்டவணையில் தங்கள் பேரைத் தேடுகிறார்கள், கிடைக்கவில்லை, ஊழியத்துக்கு ஆகாதவர்கள் என்று தள்ளிவைக்கப்படுகிறார்கள். அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். அப்பா அந்தக் கிழிந்த அட்டையை எடுத்துக்கொண்டு எத்தனை ஆபீஸ் வாசலில் நின்றிருப்பார் என்று எனக்குத் தெரியும். சாதிச் சான்றிதழுக்கு, கடனுக்கு, என் பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். “சிலோன்காரங்களா?” என்று கேட்டுவிட்டு மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். 51 வயதில், எஸ்றா 2-ஐப் படித்து அழுதேன். பட்டியலைப் படித்து அழுதவன் என்று என் மனைவி இன்னமும் கேலி செய்கிறாள்.

அதன் பிறகு 1 நாளாகமம் கஷ்டமாகவே இல்லை. யூதர்களுடைய வரிசையில் நாளாகமம்தான் கடைசிப் புத்தகம் என்பதும், ஒன்பதாம் அதிகாரத்தில் அந்த வம்ச வரலாறு சிறையிருப்பிலிருந்து திரும்பிக் குடியேறினவர்களிடம் வந்து நிற்கிறது என்பதும் தெரிந்ததும், இது யாருக்காக எழுதப்பட்டது என்று புரிந்துவிட்டது. நாடு போய், ராஜா போய், கோயில் போய், திரும்பிவந்து நிற்கிறவனிடம் மிச்சம் இருப்பது பேர்கள்தான். ஆகவே ஆதாமிலிருந்து தொடங்குகிறான்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எஸ்றா 2-இன் கணக்கு எனக்கு டேலி ஆகவில்லை. மொத்தம் 42,360 என்று போட்டிருக்கிறது. ஒவ்வொன்றாகக் கூட்டினால் 29,818-தான் வருகிறது. இதே பட்டியல் நெகேமியா 7-லும் இருக்கிறது. அங்கே கூட்டினால் 31,089. அதற்கும் மொத்தம் 42,360 என்றுதான் எழுதியிருக்கிறது. பாடகர்கள் இங்கே 200, அங்கே 245. இரண்டு ராத்திரி கால்குலேட்டரோடு மல்லுக்கட்டினேன். இதற்குச் சிலர் பெண்களையும் பிள்ளைகளையும் சேர்த்தது என்பார்கள், சிலர் நகல் எடுக்கும்போது நடந்த பிழை என்பார்கள். 22 வருஷம் பேரேடு பிரதி எடுத்தவன் என்ற முறையில் இரண்டாவதைக் கேட்டு நான் ஆச்சரியப்படமாட்டேன். ஆனால் இதில் முட்டிக்கொண்டு நின்றுவிடாதீர்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன். டேலி ஆகாத பட்டியலை யாரும் உட்கார்ந்து சரிக்கட்டாமல் அப்படியே கையளித்து வந்திருக்கிறார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது நான் பட்டியலைப் படிக்கும்போது செய்கிற வேலை ஒன்றுதான். ஒரே அச்சில் ஓடுகிற வரிசை எங்கே இடறுகிறது என்று பார்ப்பேன். ஆதியாகமம் 5-இல் எல்லோருக்கும் ‘மரித்தான்’ என்று வரும், ஏனோக்குக்கு வராது. நாளாகமத்தில் பேர் பேராக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று எப்பிராயீம் தன் பிள்ளைகள் செத்ததற்கு அநேக நாள் துக்கம் கொண்டாடினான் என்று நிற்கும். இரண்டு வசனம் தள்ளி அந்த வீட்டுப் பெண் சேராள் ஊர்களைக் கட்டினாள் என்று வரும். கட்டினவள் பெண்! ஒரு வசனத்தோடு சரி. அதே புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஆலயப் பாத்திரங்களை எண்ணி உள்ளே கொண்டுபோய், எண்ணி வெளியே கொண்டுவருகிற ஆட்கள் வருகிறார்கள். எங்கள் ஜாதி! அந்த வசனத்தை நீல மையில் அடிக்கோடிட்டேன். எண்ணாகமம் 26-இல் ஆண்கள் பெயராக ஓடுகிற கணக்கெடுப்பில் செலொப்பியாத்தின் ஐந்து மகள்கள் நுழைகிறார்கள். அடுத்த அதிகாரத்திலேயே போய் நின்று அப்பா சொத்தில் பங்கு கேட்கிறார்கள். பைபிள் நாலு இடத்தில் அந்த ஐந்து பேரையும் பேர் சொல்லித்தான் எழுதுகிறது, ‘செலொப்பியாத்தின் மகள்கள்’ என்று சுருக்கிவிட்டுப் போகவில்லை.

நெகேமியா 3-ஐப் படிப்பதற்கு ஒரு காகிதம் வேண்டும். எருசலேம் மதிலை யார் யார் எந்தத் துண்டு கட்டினார்கள் என்ற பட்டியல் அது. நான் சமையலறையில் தொங்கிய அந்தப் பரிசுக் காலண்டரின் ஒரு தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டேன். ஆட்டுவாசலில் தொடங்கி, படிக்கப் படிக்கப் பேரை எழுதிக்கொண்டே வந்தால், சுற்றி வந்து மறுபடி ஆட்டுவாசலிலேயே முடிகிறது. தட்டான் ஒரு துண்டு, தைலக்காரன் ஒரு துண்டு, குப்பைமேட்டு வாசலுக்கு ஒரு பிரபு, சல்லூமோடு அவனுடைய மகள்கள். பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே உள்ளதையே கட்டுகிறார்கள். தெக்கோவா ஊர்ப் பெரிய மனுஷர்கள் மட்டும் வேலைக்குக் கழுத்தைக் கொடுக்கவில்லை என்று பட்டியலிலேயே போட்டு உடைத்திருக்கிறார்கள். அதே ஊர் ஜனங்களோ தங்கள் பங்கை முடித்துவிட்டு இன்னொரு துண்டையும் சேர்த்துக் கட்டுகிறார்கள். எங்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவர் மழைக்கு விழுந்தபோது யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று எனக்கும் ஒரு பட்டியல் மனசில் உண்டு. அதை இங்கே எழுதமாட்டேன்.

இன்னும் ஒன்று. பழைய திருப்புதலோடு 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பட்டியல் சுலபமாகிறது. அதில் நாளாகமம் ‘குறிப்பேடு’, எண்ணாகமம் ‘எண்ணிக்கை’ என்று இருக்கும், பயப்பட வேண்டாம். பழசு வாய்விட்டுப் படிக்க நன்றாக இருக்கும், புதுசு விஷயம் பிடிபட. பெயர்களின் எழுத்து இரண்டிலும் மாறும். ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒருத்தனையே இரண்டு பேர் என்று நினைத்துவிடுவீர்கள். நான் நினைத்தேன். எல்லாப் பட்டியலும் எனக்குத் திறந்துவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், ஒரு பொய் போதும். லேவியராகமம் 13-இன் தடிப்பும் வெள்ளைப் படரும் எனக்கு இன்னும் தோல் டாக்டர் சீட்டு மாதிரிதான் இருக்கிறது. 1 நாளாகமம் 24 முதல் 27 வரை படிக்கும்போது இப்போதும் டீ குடிக்க எழுந்துபோகிறேன்.

அந்தப் பொய்யைப் பற்றி: ஆயரிடம் போய்ச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “அந்த ஒன்பது அதிகாரம்தானே?” என்றார். ஆமாம் என்றேன். “அன்னிக்கு முன்னால வந்த மத்தவங்களையும் கேட்டுப் பாக்கணும்” என்று சொல்லிச் சிரித்தார். காலண்டரைத் திருப்பிக் கொடுக்கவா என்றதற்கு, அதில் மதில் வரைந்துவிட்டீர்களே, இனி யார் வாங்குவார்கள் என்றார்.

எங்கள் வீட்டுப் பெரிய பைபிளின் முன்பக்கத்தில் குடும்ப விவரம் எழுத ஒரு தாள் உண்டு. அப்பா அதில் எழுதவே இல்லை, வெறுமையாக இருந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தகரப் பெட்டி அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். தாத்தா, பாட்டி, பிறந்த ஊர், தோட்டத்தின் பேர், கப்பல் ஏறிய வருஷம். அத்தை இப்போது இல்லை. அத்தை மகன் அட்டன் பக்கம் இருக்கிறார். போன் போட்டு அத்தை பிறந்த தேதி கேட்டேன். “இப்ப எதுக்கு மச்சான் அதெல்லாம்?” என்றார். பிறகு அவரே தேடி எடுத்து வாட்சப்பில் அனுப்பினார். அப்பாவுக்குக் கீழே அத்தை பேரை எழுதினேன். பிறந்த ஊர் இருவருக்கும் ஒன்றுதான். பழக்க தோஷம், கை தன்னால் ‘மே’ என்று எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டு, தோட்டத்தின் பேரை முழுசாக எழுதினேன். அடித்த இடம் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது.